தயவு என்னும் கனி: டோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேல்



எழுப்புதல் கூட்டங்களுக்காக நாம் உபவாசித்து ஜெபித்து வருகிறோம். சங்கிலி ஜெபம் நடக்கிறது. வாலிபர்கள் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். கர்த்தர் பெரிய காரியங்களைச் செய்வார் என்று விசுவாசிக்கிறோம். அல்லேலூயா! இந்த நேரத்தில் என் உள்ளத்தில் ஒரு பாரம். அதைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

நம் தெருவில் இருக்கிறவர்களுக்கு நம் சபையைப் பற்றி என்ன தெரியும்? நாம் கை தட்டிப் பாடுகிறது தெரியும். வெள்ளை உடுத்துகிறது தெரியும். அந்நிய பாஷை பேசுகிறோம் என்றும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் லாரி வந்தால் குடத்தை வைக்கிற இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் அவர்களுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். அங்கேதான் அவர்கள் நம்மை வாசிக்கிறார்கள். வேதத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்கூட நம்மைத் தினமும் திறந்து பார்க்கிறார்கள், பிரியமானவர்களே!

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் ஆவியின் கனியைப் பற்றிச் சொல்லும்போது, ஐந்தாவதாகத் தயவைச் சொல்லுகிறார். வரங்களைக் கேட்டு இரவெல்லாம் ஜெபிக்கிறோம். வேண்டியதுதான். ஆனால் தயவைக் கேட்டு ஒரு இரவாவது ஜெபித்த விசுவாசி நம்மில் எத்தனை பேர்? வரம் ஒரு நொடியில் கிடைக்கும். கனி அப்படி இல்லீங்க. அது மரத்தில் காய்த்து, வெயிலும் மழையும் பட்டு, மெதுவாகத்தான் பழுக்கும்.

அப்படிப் பழுத்த ஒரு ஜீவியத்தைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். நம்முடைய தமிழ்நாட்டு மண்ணிலேயே 50 வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, இங்கேயே அடக்கம் பண்ணப்பட்ட ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் ஜீவியம் அது.

பிறப்பும் வளர்ப்பும்

அம்மையார் 1867-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி, அயர்லாந்து தேசத்தின் வடபகுதியில், மில்லைல் என்கிற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் டேவிட் மாவு மில் நடத்தினவர். பக்தியுள்ள குடும்பம். வசதிக்குக் குறைவில்லை.

சிறு பிள்ளையாய் இருக்கும்போது ஒரு ஆசை. தாயாருக்கு நீலக் கண்கள். இந்தப் பிள்ளைக்கோ பழுப்பு நிறக் கண்கள். ஒரு ராத்திரி, தன் கண்களை நீலமாக்கும்படி ஆண்டவரிடம் ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் நாற்காலியைப் போட்டு ஏறி, கண்ணாடியில் பார்த்தாள். அதே பழுப்புக் கண்! குழந்தைக்கு ஏமாற்றம். ஆண்டவர் முடியாது என்று சொல்வதும் ஒரு பதில்தான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். பல வருஷம் கழித்து, தமிழ்நாட்டில் சேலை உடுத்தி நம் ஜனங்களோடு ஜனமாய் நடமாடினபோது, அந்தப் பழுப்புக் கண்கள் எவ்வளவு உதவியாய் இருந்தன என்று அவருக்கே விளங்கிற்று. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

பின்பு குடும்பம் பெல்ஃபாஸ்ட் பட்டணத்துக்குக் குடிபோனது. வியாபாரத்தில் கஷ்டம் வந்தது. 1885-இல் தகப்பனார் மரித்துப்போனார். ஏமிக்கு அப்போது 17 வயது. தாயாருக்குத் துணையாக நின்று தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது.

ஒரு மூதாட்டியின் மூட்டை

அந்தப் பெல்ஃபாஸ்ட் நாட்களில்தான் அவர் வாழ்க்கையையே திருப்பிப்போட்ட சம்பவம் நடந்தது. பெரிய தரிசனக் கூட்டமோ பிரசங்கியாரோ இல்லை. நடுத்தெருவில் நடந்த காரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனை முடிந்து ஏமியும் அவருடைய தம்பிமாரும் வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். எதிரே ஏழை மூதாட்டி ஒருத்தி, பாரமான மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள். பிள்ளைகள் ஓடிப்போய் மூட்டையை வாங்கிக்கொண்டார்கள், அவள் கையையும் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை சரி. ஆனால் அவள் போக வேண்டிய வழி, இவர்கள் வந்த வழியே திரும்பிப் போக வேண்டிய வழி! ஆலயம் முடிந்து கௌரவமான குடும்பத்தார் எல்லாரும் எதிரே வருகிறார்கள். கந்தல் துணி உடுத்தின கிழவியும், காற்றில் பறக்கிற அவள் கிழிசல்களும், நல்ல உடுப்பு உடுத்தின இந்தப் பிள்ளைகளும். பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளைகளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது.

வழியில் ஒரு நீரூற்று இருந்தது. அதைக் கடக்கும்போது, 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்தின் வார்த்தைகள் யாரோ பக்கத்தில் நின்று பேசுகிறதுபோல ஏமியின் காதில் விழுந்தன. ஒருவன் அஸ்திபாரத்தின்மேல் பொன்னைக் கட்டினானா, புல்லைக் கட்டினானா என்று அக்கினி சோதிக்கும் என்கிற அந்தப் பகுதி. திரும்பிப் பார்த்தார். பேசினவர் யாரையும் காணோம். எல்லாரும் அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தேவனோடு காரியத்தைத் தீர்த்துக்கொண்டார். நித்தியத்தில் நிற்காத எந்தக் காரியமும் இனி எனக்கு வேண்டாம் என்று தீர்மானம் பண்ணினார்.

கவனித்தீர்களா? அந்த மூட்டையைத் தூக்குவது கஷ்டமாக இல்லை. இளம் பிள்ளைகளுக்கு அது ஒரு பாரமே இல்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்பதுதான் பாரம்! தயவு செய்ய நம்மைத் தடுக்கிறது பெரும்பாலும் பணக்குறைவோ நேரக்குறைவோ அல்ல. என் மதிப்பு என்ன ஆகும் என்கிற நினைப்புதான்.

ஷால் போட்ட பெண்கள்

பெல்ஃபாஸ்ட் அப்போது மில் பட்டணம். நூல் மில்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். தொப்பி வாங்க வசதியில்லாமல் தலைக்கு ஷாலைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் அவர்களுக்கு ஷாலீஸ் என்றே பட்டப்பெயர். ஏமி அவர்களைத் தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் கூடத்துக்குக் கூட்டி வந்து வேதம் போதித்தார். ஆலயத்தின் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இந்த மாதிரி ஜனங்கள் நம் இடத்துக்குள் வரலாமா என்று முகம் சுளித்தார்கள்.

ஏமி சண்டை போடவில்லை. ஜெபித்தார். கூட்டம் பெருகி, 500 பேர் உட்காருகிற இடம் தேவைப்பட்டது. இரும்புத் தகட்டால் ஒரு கூடம் கட்ட 500 பவுன் ஆகும் என்று பத்திரிகையில் பார்த்தார். யாரிடமும் கை நீட்டாமல் தேவனிடத்தில் கேட்டார். ஒரு அம்மையார் அந்தத் தொகையைக் கொடுத்தார். ஒரு மில் முதலாளி குறைந்த வாடகைக்கு நிலம் கொடுத்தார். 1889-ஆம் வருஷ ஆரம்பத்தில் அந்தக் கூடம் பிரதிஷ்டை பண்ணப்பட்டது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? வெல்கம். வாருங்கள் என்று அர்த்தம்!

மில் என்றால் என்ன என்று பெரம்பூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னி மில் சங்கு ஊதுகிறதைக் கேட்டு நேரம் பார்த்தவர்கள் நாம். 1990-களில் அது மூடினபோது எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்பதும் நமக்குத் தெரியும். ரயில்வே ஒர்க்‌ஷாப், ஐ.சி.எஃப்., மில் என்று உழைத்த தகப்பன்மாரின் பிள்ளைகள்தான் இந்தச் சபையில் பாதிப்பேர். அப்படியிருக்க, ஒன்றைத் துணிந்து சொல்றேன். கொஞ்ச நாளாக, கம்பெனிகளில் துப்புரவு வேலை பார்க்கிற சகோதரிகள் சிலர் வேலை முடிந்த கையோடு, அதே சீருடையோடு நம் ஆராதனைக்கு வருகிறார்கள். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒடுங்கி உட்காருகிறார்கள். முன்னால் நாற்காலி காலியாக இருந்தும், யாரும் கைகாட்டி அழைப்பதில்லை. யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பொன் மோதிரம் போட்டவனுக்கு ஒரு இடம், தரித்திரனுக்கு ஒரு இடம் என்று பிரிக்கிற சபையைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுப்புதல் வர வேண்டுமானால், அது முதலில் அந்தச் செருப்பு விடுகிற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்.

கையுறையைக் கழற்றின கதை

1892-இல் ஏமிக்கு மிஷனெரி அழைப்பு வந்தது. 1893-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே ஒரு நாள், சுகமில்லாத மூதாட்டி ஒருத்தியைப் பார்க்க, ஜப்பானியச் சகோதரி ஒருத்தியோடு போனார். நல்ல குளிர். அதனால் ஜப்பானிய உடையை விட்டுவிட்டு, தன் தேசத்துக் கனமான உடையும் ரோமக் கையுறையும் போட்டிருந்தார். மூதாட்டி கவனமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். விசுவாசிக்கப்போகிற நேரம். அந்த நேரத்தில் அவள் கண் கையுறைமேல் விழுந்தது. இது என்ன என்று கையை நீட்டிக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். கவனம் சிதறினது சிதறினதுதான். மறுபடியும் கொண்டுவர முடியவில்லை.

ஏமி அழுதுகொண்டு வீடு திரும்பினார். அந்த உடையைக் கழற்றி வைத்துவிட்டு ஜப்பானிய உடையை உடுத்திக்கொண்டார். என் சௌகரியம் ஒரு ஆத்துமாவுக்கு இடறலாய் இருக்கக் கூடாது என்பதில் அதன்பின் அவர் மாறவே இல்லை. தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் சேலைதான்.

தயவு என்றால் சிரித்த முகம் மட்டும் அல்ல. எதிரில் இருக்கிறவர் இடத்தில் நின்று பார்க்கிறதுதான் தயவு. வியாதியஸ்தரைப் பார்க்கப் போகிறோம். ஒரு மணி நேரம் ஜெபித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நம் வீட்டுக் கல்யாணக் கதையெல்லாம் பேசி, அவரைக் களைத்துப்போகப் பண்ணிவிட்டு வருகிறோம். பத்து நிமிஷம் ஜெபித்து, ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி கொடுத்து, அவர் வீட்டில் தேய்க்காமல் கிடக்கிற பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டு வந்தால் அது தயவு.

நம் தேசத்துக்கு வந்தார்

சுகவீனத்தால் ஜப்பானை விட்டுத் திரும்பினவர், 1895-ஆம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு வந்தார். முதலில் பெங்களூர். பின்பு திருநெல்வேலிச் சீமை. அங்கே வாக்கர் ஐயர் என்னும் மிஷனெரியிடம் தமிழ் கற்றார். பொன்னம்மாள் முதலான தமிழ்ச் சகோதரிகளைச் சேர்த்துக்கொண்டு, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய் சுவிசேஷம் சொன்னார். அதற்குப்பின் அவர் தாயகம் திரும்பவே இல்லை. விடுமுறை என்றுகூட ஒரு முறை போனதில்லை.

அந்நாட்களில் சில இடங்களில் சின்னப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நேரிட்ட கதி கொடியது. 1901 மார்ச் மாதம், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அப்படிப்பட்ட இடத்திலிருந்து தப்பி ஓடி வந்தாள். முன்பு ஒரு தடவை தப்பித் தாயாரிடம் ஓடினபோது, பிடித்துக் கொண்டுவந்து அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். இந்த முறை பண்ணைவிளையில் ஒரு கிறிஸ்தவப் பெண் அவளைக் கண்டு, இரவு தன் வீட்டில் வைத்திருந்து, மறுநாள் காலை ஏமி அம்மையாரிடம் கூட்டி வந்தாள். அம்மையார் அந்தக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து முத்தமிட்டார். அவ்வளவுதான். பிள்ளை அவரை அம்மா என்று ஒட்டிக்கொண்டாள். பிரீனா என்பது அவள் பெயர்.

டோனாவூர் ஊழியம் இப்படித்தான் ஆரம்பித்தது. திட்டமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. வந்து நின்ற ஒரு பிள்ளையைத் தள்ளிவிடாததுதான் ஆரம்பம். களக்காட்டுக்குப் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிற டோனாவூர், ரேனியஸ் ஐயர் காலத்தில் டோனா பிரபு என்பவரின் உதவியால் உண்டான கிராமம். அங்கே பிள்ளைகள் ஒன்றாய், இரண்டாய், பத்தாய் வந்து சேர்ந்தார்கள்.

எழுப்புதலுக்கு அடுத்த நாள்

இனிமேல் சொல்லப்போகிறதை எழுப்புதலுக்காக ஜெபிக்கிற ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும்.

1904-இல் வேல்ஸ் தேசத்தில் எழுப்புதல் வந்தது. 1905-இல் பூனாவுக்கு அருகே கேட்காவில் பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் ஆவியானவர் பலமாய் இறங்கினார். அதே 1905 அக்டோபரில் டோனாவூரிலும் எழுப்புதல் அக்கினி விழுந்தது. காலை ஆராதனையில் பிரசங்கத்தைத் தொடர முடியவில்லை. ஜனங்கள் பாவ உணர்வடைந்து கதறி ஜெபித்தார்கள். மணிக்கணக்காக அது ஓயவில்லை. ஸ்தோத்திரம்!

சரி, மறுநாள் என்ன நடந்தது? குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச வேண்டியிருந்தது. ஈரத்துணி மாற்ற வேண்டியிருந்தது. ராத்திரி அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு நடக்க வேண்டியிருந்தது. 1904 முதல் பச்சைக் குழந்தைகளும் வரத் தொடங்கியிருந்தார்கள். சுவிசேஷம் சொல்லி ஊர் ஊராய்ப் போன ஊழியக்காரி, குழந்தை கழுவுகிற ஆயாவாக ஆகிவிடுவதா என்ற கேள்வி எழும்பிற்று. மற்றவர்கள் மட்டும் அல்ல, அம்மையாரே அதைத் தேவசமுகத்தில் வைத்துப் போராடினார். அப்போது யோவான் 13-ஆம் அதிகாரத்துக் காட்சி அவர் முன் வந்து நின்றது. ஆண்டவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷருடைய காலைக் கழுவுகிறார். ஆண்டவரே அந்த வேலையைச் செய்தபின், ஊழியக்காரி எந்த வேலையைப் பார்த்து இது எனக்குத் தகாது என்று சொல்ல முடியும்? கேள்வி அங்கேயே முடிந்தது.

பொன்னம்மாள் அக்காவையும் இங்கே மறக்கக் கூடாது. இளவயதிலேயே விதவையான இந்தத் தமிழ்ச் சகோதரிதான் பச்சைக் குழந்தைகளின் பராமரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவர். நெய்யூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குழந்தைகளை வைத்துப் பார்த்து வந்தார். அங்கே சீதபேதி பரவிப் பல குழந்தைகள் இறந்தபோதும் அவர் ஓடிப்போகவில்லை. 1915-இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். டோனாவூரின் அஸ்திபாரக் கற்களில் ஒன்று இந்த அக்கா.

பிறந்த நாள் தெரியாத குழந்தைகள் அநேகர். அவர்களுக்கு அம்மையார் என்ன செய்தார்? அந்தக் குழந்தை டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளையே விசேஷ நாளாகக் கொண்டாடினார். பூ வைத்து அலங்கரித்து, பாட்டுப் பாடி, நீ வந்தது எங்களுக்குச் சந்தோஷம் என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டினார். யாருக்கும் வேண்டாம் என்று விடப்பட்ட பிள்ளைக்கு, நீ வந்த நாள்தான் எங்களுக்குப் பண்டிகை என்று சொல்வது எவ்வளவு பெரிய சுவிசேஷம்!

தேவஜனமே, 1 கொரிந்தியர் 12-இல் வரங்கள். 14-இல் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும். நடுவில் 13-இல் அன்பு. ஆவியானவர் தெரியாமலா இப்படி வரிசைப்படுத்தினார்? அந்த அன்பு நீடிய சாந்தமும் தயவும் உள்ளது என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். எழுப்புதல் உண்மையா என்று கூட்டத்தன்று தெரியாது. மறுநாள் காலையில், வீட்டில்தான் தெரியும்.

தயவு கோழைத்தனம் அல்ல

தயவுள்ளவர்கள் ஏமாளிகள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பிள்ளைகளைக் காப்பாற்றினதற்காக அம்மையார்மேல் கோர்ட்டில் வழக்கு வந்தது. கடத்தல் குற்றம், ஜெயில் என்ற பயமுறுத்தல் இருந்தது. அவர் அசையவில்லை. தயவு வலிமையானது. அது பலவீனனுக்காகப் பலவானுக்கு எதிரே நிற்கும்.

பிற்பாடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றவர்கள் பல வருஷம் போராடி, 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அதற்கு 46 வருஷம் முன்பே, ஒரு பிள்ளையை மடியில் தூக்கி வைத்தவர் இந்த அம்மா.

புகழுக்கும் அவர் ஆசைப்படவில்லை. 1919-இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. அவருக்குச் சந்தோஷத்தைவிடச் சங்கடமே அதிகம். சென்னையில் அதைக் கொடுக்கிற விழாவுக்கு அவர் வரவில்லை. பால் காய்ச்சுகிற கைக்குப் பதக்கம் எதற்கு!

பேச்சிலே தயவு

டோனாவூர் குடும்பத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருவரிடம் குறை இருந்தால் அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசக் கூடாது. அந்த இடத்தில் இல்லாதவருடைய பெயர் நம் வாயில் பத்திரமாக இருக்க வேண்டும். பேச்சைச் சல்லடையில் சலிக்கவும் கற்றுக்கொடுத்தார்: அது மெய்தானா, தயவானதா, இப்போது சொல்லியே ஆக வேண்டியதா என்று பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

ஒரு நாள் ஊழியர் ஒருவர், இளையவர் ஒருவர் அன்பில்லாமல் நடந்துகொண்ட காரியத்தை அம்மையாரிடம் கொண்டுவந்தார். அன்று இரவு அம்மையாருக்குத் தூக்கமே வரவில்லை. குற்றம் செய்தவரைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றியே யோசித்தார். சிலுவையின் அன்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நான் எங்கேயாவது குறைவுபட்டேனா என்று தன்னையே சோதித்தார். அந்த இரவில் உள்ளத்தில் வந்தவைகளைக் குறித்துவைத்தார். அதுதான் 1938-இல் இஃப் என்கிற சிறு புத்தகமாக வந்தது. இன்றைக்கும் உலகமெங்கும் வாசிக்கிறார்கள்.

பிறருடைய குற்றத்தைக் கேட்டதும் நம் தூக்கம் போகிறதா? இல்லை. மாடிப்படியில் நின்று இன்னும் இரண்டு பேருக்குச் சொன்ன பிறகு நன்றாகத் தூங்குகிறோம்! அதற்கு ஜெபக்குறிப்பு என்று வேறு பெயர் வைத்துவிடுகிறோம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எத்தனை குடும்பத்தின் மானம் போயிருக்கிறது, பிரியமானவர்களே!

இருபது வருஷம் ஒரே அறை

1931 அக்டோபர் 24-ஆம் தேதி. களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். மாலை மங்கின நேரம். தவறான இடத்தில் வெட்டி வைத்திருந்த குழியில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது. முதுகிலும் அடி. கொஞ்ச நாளில் எழும்புவார் என்று நினைத்தார்கள். எழும்பவில்லை. அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில்.

வியாதி வந்தால் மனுஷனுக்கு எரிச்சல் வரும். வலி இருக்கும்போது தயவாய்ப் பேசுவது லேசான காரியம் அல்ல. ஆனால் அந்த அறையிலிருந்துதான் அவர் பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் சின்னச் சின்னக் கடிதங்கள் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். சுகமுள்ளவர்கள் உட்கார்ந்து வியாதியஸ்தருக்கு எழுதுகிற ஆறுதல் நெஞ்சைத் தொடுவதில்லை என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்தது. ஆகவே படுக்கையில் இருந்துகொண்டே படுக்கையில் இருக்கிறவர்களுக்காக எழுதினார். மொத்தத்தில் முப்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் அவர் எழுதியவை. அவற்றில் பல அந்தக் கட்டிலிலிருந்து வந்தவை.

தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவர்கள் நாம். அம்மையாருக்காகவும் ஊக்கமாய் ஜெபித்தார்கள். ஆனால் சுகம் வரத் தாமதிக்கிற இடத்தில், விசுவாசம் இல்லாததால்தான் என்று வியாதியஸ்தர் முகத்துக்கு நேரே சொல்லுகிறோமே, அது எவ்வளவு கொடுமை! நம் சபையிலும் வருஷக்கணக்காய்ப் படுக்கையில் இருக்கிற தாய்மார் உண்டு. ஜெபிப்போம், விடாமல் ஜெபிப்போம். ஆனால் தயவில்லாத ஒரு வார்த்தையால் அவர்கள் கட்டிலை இன்னும் கடினமாக்க வேண்டாம்.

1951 ஜனவரி 18-ஆம் தேதி அம்மையார் கர்த்தருடைய சமுகம் போய்ச் சேர்ந்தார். 83 வயது. தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே, பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் ஒரே வார்த்தை: அம்மா. பட்டமும் இல்லை, தேதியும் இல்லை. சாகும்போது ஜனங்கள் நமக்கு வைக்கிற பெயர்தான் நம் ஊழியத்தின் கணக்கு.

நாம் என்ன செய்வோம்?

நம்மில் எல்லாரும் டோனாவூர் போக வேண்டியதில்லை. பெரம்பூரில் மூட்டைகளுக்குப் பஞ்சமா? 2023 டிசம்பரில் மழைத்தண்ணீர் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் என்று வீட்டுக்குள்ளே வந்தபோது, மாடியில் இருந்தவர் கீழ்வீட்டுக்காரருக்குக் கதவைத் திறந்தாரா இல்லையா என்பதை இந்தத் தெருக்கள் இன்னும் மறக்கவில்லை. வெள்ளம் வருஷத்தில் ஒருநாள். தயவுக்கோ தினமும் சந்தர்ப்பம் உண்டு. ஆகவே இந்த மாதம் ஜெபத்தோடு நான்கு காரியங்களைச் செய்து பாருங்கள்.

முதலாவது, வீட்டில் ஆரம்பியுங்கள். ஆராதனையில் கண்ணீர் வடித்து வீடு வந்து, குழம்பில் உப்பு இல்லை என்று மருமகள்மேல் எரிந்து விழுந்தால், அந்தக் கண்ணீர் எதற்கு? மாமியாருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது, தண்ணீரும் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இரண்டாவது, பெயர் கேளுங்கள். உங்கள் தெருவைக் கூட்டுகிற அக்காவின் பெயர் தெரியுமா? பக்கத்து ரூமில் எட்டுப் பேராய்த் தங்கியிருக்கிற வடநாட்டுப் பிள்ளைகளில் ஒருவன் பெயராவது தெரியுமா? ஏய், இந்தாப்பா என்று கூப்பிடுவதை விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

மூன்றாவது, சபையில் உங்கள் இடத்தை விட்டுக்கொடுங்கள். புதிதாய் வருகிறவர் கையைப் பிடித்து முன்னே கூட்டி வந்து உட்கார வையுங்கள். இந்த ஞாயிறு முதல், துப்புரவு வேலைச் சகோதரிகளுக்கு ஃபேன் காற்று வருகிற வரிசையில் இடம். வாசலில் நின்று அழைப்பது என் வேலை. நகர்ந்து இடம் கொடுப்பது உங்கள் வேலை.

நான்காவது, வாரத்தில் ஒரு மூட்டையாவது தூக்குங்கள். மார்க்கெட்டில் பை தூக்க முடியாத பெரியவர், ஆஸ்பத்திரி சீட்டு வாசிக்கத் தெரியாத அம்மா, ரேஷன் கடை வரிசையில் மயங்கி நிற்கிற கர்ப்பிணி. நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம் வரும்போது, மேலே ஒருவர் பார்க்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவைகளைச் சுயபலத்தால் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் செய்வோம், மூன்றாம் நாள் சலிப்பு வரும். அதனால்தான் இது ஆவியின் கனி. கொடி செடியில் நிலைத்திருந்தால்தான் கனி. ஆகவே ஆவியானவரே, என்னை நிரப்பும் என்று கேட்கும்போது, என் நாவையும் நிரப்பும், என் கைகளையும் நிரப்பும் என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, உம்முடைய தயவினால் எங்களை இரட்சித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். டோனாவூரில் ஒரு பிள்ளையை மடியில் தூக்கி வைக்க ஒரு தாயை எழுப்பினீரே, எங்கள் பெரம்பூரிலும் அப்படிப்பட்ட தாய்மாரையும் தகப்பன்மாரையும் எழுப்பும். எங்கள் வீடுகளில் கடினமான வார்த்தைகள் ஒழியட்டும். எங்கள் சபையில் யாரும் கூச்சத்தோடு ஓரத்தில் உட்காராதபடி செய்யும். எழுப்புதலை அனுப்பும் ஆண்டவரே. அதன் மறுநாளுக்கும் எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

மாரநாதா!